கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டு முயல்: மாட்டு வைத்தியமும் முயலின் வயிறும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு நெடுங்காலமாக மாடும் ஆடும் வளர்த்த நிலம். கூண்டில் வளர்க்கப்படும் வீட்டு முயல் இங்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த விலங்கு. கால்நடைகளின் வயிற்றுக் கோளாறுகளுக்கான வீட்டு வைத்தியம் அசைபோடும் விலங்குகளை வைத்து உருவானது. முயல் அசைபோடுவதில்லை, அதன் செரிமானம் முற்றிலும் வேறு வகையானது. ஆகவே மாட்டைக் காப்பாற்றும் மருந்து முயலைக் கொல்லவும் கூடும். இந்த வேறுபாடு அறியப்பட்ட வரலாறும், அதிலிருந்து உருவான வீட்டுப் பராமரிப்பு முறையும் இக்கட்டுரையில் தொகுக்கப்பட்டுள்ளன.

ஒரே பெயர், இரு விலங்குகள்

தமிழில் முயல் என்னும் சொல் மிகப் பழமையானது. சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் முயல் வருகிறது. ஆனால் அங்குக் குறிக்கப்படுவது காட்டு முயல். லெபஸ் நைக்ரிகாலிஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட அவ்விலங்கு இன்றும் மேகமலை, வருசநாட்டு மலையடிவாரங்களில் காணப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும் பிடித்து வளர்ப்பதும் குற்றமாகும்.

வீட்டு முயல் ஒரிக்டோலேகஸ் குனிகுலஸ் என்னும் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமும் தென்மேற்குப் பிரான்சும் ஆகும். மண்ணில் வளை தோண்டி வாழ்வதால் இது குழிமுயல் எனவும் அழைக்கப்படுகிறது. காட்டு முயலின் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். குழிமுயலின் குட்டி முடியின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் மாணவர்கள் படிக்கும் முயல் இந்தக் குழிமுயலே.

பள்ளத்தாக்கின் கால்நடை மரபு

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பள்ளத்தாக்கு நீள்கிறது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளைச்சல் பெருகியது. மாட்டுக்கு வைக்கோல் கிடைத்தது. மலைச்சரிவுகளில் மேய்ந்த மலைமாடுகள் இவ்வட்டாரத்தின் அடையாளமாயின. கம்பம் நந்தகோபாலன் கோயில் தொழுவில் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட மாடுகள் பராமரிக்கப்படுகின்றன. மாட்டுப் பொங்கலன்று அங்குச் சிறப்பு வழிபாடு நடைபெறுகிறது.

இத்தகைய சூழலில் மாட்டின் வயிற்றைப் பற்றிய அறிவு வீடுதோறும் இருந்தது. மாடு அசைபோடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது, இடப்பக்க வயிறு உப்பியிருக்கிறதா என்பன முதலில் பார்க்கப்படும் அறிகுறிகள். வயிற்று உப்புசத்துக்கு வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், இஞ்சி, வெற்றிலை முதலியவற்றை அரைத்து வெல்லத்துடன் கொடுக்கும் முறை தமிழ்நாட்டின் மரபு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. மாட்டின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. அங்கு உருவாகும் வாயு ஏப்பமாக வெளியேறும்.

வீட்டு முயலின் வருகை

தேனி மாவட்டத்தின் வடக்கே உயரும் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் உள்ளது. ராஜஸ்தான் மாநிலம் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965இல் இங்குத் தொடங்கப்பட்டது. செம்மறியாட்டுடன் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய முயல் இனங்களும் இங்கு வளர்க்கப்பட்டு விவசாயிகளுக்கு வழங்கப்படுகின்றன. தொடக்கத்தில் இறைச்சிக்காகவும் துணை வருமானத்துக்காகவும் பரப்பப்பட்ட முயல், பின்னர் குழந்தைகளின் செல்லப்பிராணியாகவும் வீடுகளுக்குள் வந்தது.

மன்னவனூர் குளிர்ந்த மலைப்பகுதி. கம்பம் பள்ளத்தாக்கோ கோடையில் வெயில் மிகுந்தது. முயலுக்கு வியர்ப்பதில்லை, உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகள் வழியாகவே வெளியேற்றும். வெப்பம் மிகுந்தால் அது தீனியைக் குறைக்கும். நீரும் போதாவிடில் குடலின் இயக்கம் மந்தமாகும்.

செரிமானம் அறியப்பட்ட வரலாறு

முயல் வாயை ஓயாமல் அசைப்பதைக் கண்ட பழங்காலத்தவர் அதையும் அசைபோடும் விலங்காகக் கருதினர். விவிலியத்தின் லேவியராகமத்திலும் அவ்வாறே குறிப்பிடப்படுகிறது. 1882இல் மோரோ என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் முயல் இரண்டு வகைப் புழுக்கை இடுவதையும், அவற்றுள் மென்மையானதைத் தானே உண்பதையும் விளக்கினார். இக்கண்டுபிடிப்பு அதிகம் கவனிக்கப்படவில்லை. 1939இல் மாட்சன் என்ற ஆய்வாளர் முயல் அசைபோடுகிறதா என்ற கேள்வியையே தலைப்பாக்கி நேச்சர் இதழில் எழுதிய பின்னரே இது பரவலாக அறியப்பட்டது.

முயலுக்கு ஒரே அறை கொண்ட இரைப்பைதான் உண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உள்ள சீக்கம் என்னும் பெரிய பையில் நுண்ணுயிரிகள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன. அங்கு உருவாகும் புரதமும் பி வகை வைட்டமின்களும் மென்புழுக்கையாக வெளிவர, முயல் அதை மலவாயிலிருந்தே எடுத்து உண்கிறது. ஆகவே இது நோயன்று, தடுக்கவும் கூடாது.

முயலால் வாந்தியெடுக்க முடியாது. குடலில் தேங்கும் வாயுவை மாட்டைப் போல் ஏப்பமாக விடவும் இயலாது. நார் தொடர்ந்து உள்ளே சென்றால்தான் குடல் இயங்கும். தீனி நின்றால் குடல் நிற்கும். குடல் நின்றால் வலியால் முயல் மேலும் தீனியை விடும். இந்தச் சுழற்சி ஒன்றிரண்டு நாளில் உயிரைப் பறிக்கக்கூடும்.

முன்பு இந்நிலைக்கு வயிற்றில் சேரும் முடி உருண்டையே காரணம் என்று நம்பப்பட்டது. முடியைக் கரைக்கும் என அன்னாசிச் சாறும் கொடுக்கப்பட்டது. உடலை நாவால் நக்கும் முயலின் வயிற்றில் முடி இருப்பது இயல்பே என்பதும், நாரும் நீரும் குறைவதாலேயே அது தேங்கி இறுகுகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. அன்னாசிச் சாறு முடியைக் கரைப்பதில்லை. அதன் சர்க்கரை நுண்ணுயிரிச் சமநிலையைக் குலைக்கக்கூடும்.

மற்றொரு முக்கியக் கோளாறு ரத்தக்கழிச்சல் எனப்படும் காக்சிடியோசிஸ். இதன் ஒரு வகை ஈரலைத் தாக்குகிறது. நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடியான லேவன்ஹூக் 1674இல் முயலின் பித்தநீரில் கண்ட நுண்ணுருக்கள் இந்த ஒட்டுண்ணியின் முட்டை வடிவங்களே எனக் கருதப்படுகிறது. இந்நோய் புழுக்கை கலந்த தீனி, நீர் வழியாகப் பரவுகிறது. புழுக்கை கீழே விழுந்துவிடும் கம்பி வலைத்தளம் கொண்ட கூண்டுகள் பண்ணைகளில் வழக்கமானதற்கு இது ஒரு காரணம்.

வீட்டில் செய்யத்தக்கவை

அறிகுறிகள்: புழுக்கை சிறுத்தல், குறைதல் அல்லது நின்றுபோதல், தீனியை மறுத்தல், முதுகை வளைத்து ஒடுங்கி உட்காருதல், பல்லை நறநறவெனக் கடித்தல். ஆரோக்கியமான முயலின் புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், உதிரியாக இருக்கும். தினமும் கூண்டைத் துப்புரவு செய்யும்போது புழுக்கையைக் கவனிப்பதே எளிய முன்னெச்சரிக்கை.

முயல் சோர்ந்து தீனியைக் குறைத்த தொடக்க நேரத்தில் அகன்ற கிண்ணத்தில் தூய நீர், காய்ந்த புல், அறுகம்புல், சிறிது கொத்தமல்லித் தழை ஆகியவற்றை அருகில் வைக்கலாம். அரிசி, சோளம், ரொட்டி, பிஸ்கட், பழம் ஆகியவற்றை நிறுத்த வேண்டும். கோடையில் நிழலும் காற்றோட்டமும் தேவை. மாறாக, காதுகள் குளிர்ந்து முயல் துவண்டிருந்தால் துணி சுற்றிக் கதகதப்பு தர வேண்டும்.

வயிறு முரசு போல் இறுகி உப்பியிருந்தால் குடலடைப்பு இருக்கக்கூடும். அப்போது வாயில் எதையும் புகட்டக் கூடாது. ஊசியில்லாச் சிரிஞ்சு மூலம் கூழ் புகட்டுவதும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பின்னரே செய்யத்தக்கது. சங்கில் பாலூட்டுவது போல் தலையை அண்ணாந்து பிடித்துப் புகட்டினால் நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

தவிர்க்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் முயலின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எனவே மேற்கூறிய மாட்டு மருந்தை அளவைக் குறைத்தும் முயலுக்குக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான அமாக்சிசிலின் போன்ற மாத்திரைகளை வாய்வழி கொடுத்தால் சீக்கத்தின் நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகும். நோய்க்குப் பிழைத்த முயல் மருந்தால் இறப்பது இவ்வாறுதான்.

கம்பத்தின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் சர்க்கரை மிகுந்த அப்பழம் முயலுக்கு ஏற்ற தீனியன்று. திராட்சைப் பந்தல்களின் கீழ் அறுக்கும் புல்லில் பூச்சிமருந்து படிந்திருக்கக்கூடும் என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது. வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை முதலிய தழைகளைப் புல்லுடன் சேர்த்து அளவாகக் கொடுக்கலாம். எந்தத் தீனியையும் ஒரே நாளில் மாற்றாமல் ஏழு முதல் பத்து நாட்களில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

மருத்துவ உதவி

வளர்ந்த முயல் 12 மணி நேரம் எதையும் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால் அது அவசர நிலை. குட்டி முயலுக்கு நீராகக் கழிந்தால் அந்த அளவுக்குக்கூடக் காத்திருக்க இயலாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2020இல் தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. முயலை எடுத்துச் செல்கையில் கடைசியாக இட்ட புழுக்கையைத் தாளில் மடித்து உடன் கொண்டு செல்வதும், கொடுத்த தீனியையும் மருந்தையும் மறைக்காமல் சொல்வதும் நோயறிய உதவும்.

மாடு அசைபோடுவதை நிறுத்தினால் உடனே கவனிக்கும் பழக்கம் இப்பள்ளத்தாக்கில் ஏற்கெனவே உண்டு. முயலுக்கு அந்த இடத்தில் இருப்பது புழுக்கை. மாட்டு மருந்து முயலுக்குப் பொருந்தாது. மாட்டைக் கவனித்த அந்தக் கண் பொருந்தும்.