ஹான்டோர்ப்: பெயரிழந்து பெயர் மீண்ட ஊர்

தென் அவுஸ்திரேலியத் தலைநகராகிய அடிலெயிட்டை அடுத்த மலைப்பகுதியில் அமைந்தது ஹான்டோர்ப். மரச்சட்டங்களிடையே செங்கல் நிரப்பிய பழைய வீடுகளையும் ஜேர்மன் உணவுச்சாலைகளையும் நாடி உல்லாசப் பிரயாணிகள் இங்கு வருகின்றனர். அவர்கள் கண்டு மகிழும் இந்த ஜேர்மன் சாயலே ஒருகாலத்தில் ஐயத்துக்குரியதாயிருந்தது.

புரூசிய மன்னன் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் திணித்த திருச்சபை ஒன்றிணைப்பை ஏற்க மறுத்த லுத்தரன் குடும்பங்கள், 'சீப்ரா' என்னும் கப்பலில் 1838 டிசெம்பர் இறுதியில் இந்நாட்டை அடைந்தன. அவர்களுக்கு நிலம் பெற்றுக்கொடுக்க முன்னின்றவர் கப்பற்றலைவர் ஹான். 1839இல் எழுந்த குடியேற்றம் அவர் பெயரையே தாங்கிற்று. பெண்கள் காய்கறியும் வெண்ணெயும் சுமந்து, இரவோடிரவாக மலைவழி நடந்து அடிலெயிட் சந்தையை அடைந்தனர். ஊரை நிலைபெறச் செய்தது இவர்தம் கால்களே எனினும் மிகையன்று.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் இவையெல்லாம் மறக்கப்பட்டன. ஜேர்மன் ஊர்ப்பெயர்களை அகற்றும் பொருட்டு 1917இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் ஹான்டோர்ப் 'அம்பிள்சைட்' ஆயிற்று. பழைய பெயர் 1935இலேயே மீண்டது.

ஆயின், புகலிடந்தேடி வந்தோர் பெற்ற நிலம் வெற்றுநிலமன்று. அது பெரமாங்க் மக்களுடையது. அவர்கள் அவ்விடத்தைப் 'புக்கார்ட்டில்லா' என அழைத்தனர். அப்பெயரை நீக்க எச்சட்டமும் இயற்றப்படவில்லை. 1935இல் மீட்கப்பட்டதும் அப்பெயரன்று.