மாவுப் பையும் சிறுமியின் கவுனும்

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு நம் பங்கிலுள்ள வறிய குடும்பத்துச் சிறுமியர்க்குக் கவுன் தைத்துக் கொடுத்தோம். பங்கின் தாய்மார்களே துணியை வெட்டி, தம் வீட்டுத் தையல் பொறிகளில் தைத்தனர். எல்லாம் ஒரே நீலத் துணி. நெஞ்சுப் பையின் மீது பங்கின் பெயரை வெள்ளை நூலால் தைக்கச் செய்தோம்; அந்த யோசனை நம்முடையதே. அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடியே நின்றாள். பாடும்போதும் அதைத் திறக்கவில்லை. காரணம் நமக்கு விளங்கச் சில நாள் ஆயிற்று. விளங்கியபோது, அமெரிக்க நாட்டு உழவர் வீடுகளின் வரலாற்றில் என்றோ படித்த ஒரு சிறு பகுதி நினைவுக்கு வந்தது.

அந்நாட்டில் மாவும் சர்க்கரையும் தீவனமும் ஒரு காலத்தில் மரப் பீப்பாய்களில் விற்கப்பட்டன. 1846-இல் எலியாஸ் ஹோ தையல் பொறிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, கனம் தாங்கும் துணிப் பைகளைத் தைப்பது எளிதாயிற்று. பீப்பாய் மெல்ல மறைந்தது. பருத்திப் பை வந்தது. பை வெறுமையானதும் அதை எறிந்துவிட எந்த உழவர் மனைவிக்கு மனம் வரும்? 100 ராத்தல் தீவனம் கொண்ட ஒரு பையைப் பிரித்து விரித்தால் ஒரு கெஜத்துக்கும் சற்று மிகுதியான துணி கிடைக்கும். வளர்ந்த பெண்ணுக்கு உடை தைக்க மூன்று பைகள் வேண்டும். சின்னஞ்சிறுமிக்கு ஒன்றே போதும்.

தைக்கும் முறையும் எளிது. பையின் வாயும் ஓரமும் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருக்கும். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழு நூலும் ஒரே இழையாகக் கழன்று வரும். அந்த நூலையும் சுற்றி வைத்துக்கொள்வார்கள். பழைய செய்தித்தாளில் அளவு வெட்டி, துணியின்மேல் வைத்துக் கத்தரிப்பார்கள். கழுத்துக்கு ஒரு வளைவு, கைக்கு இரண்டு, பக்கங்களில் நேர்த் தையல், இடையில் ஒரு நாடா. கீழ் ஓரத்தை மட்டும் அகலமாக மடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர அந்த மடிப்பைப் பிரித்து இறக்கலாம். நம் தாய்மார் பாவாடைக்கு ‘டக்’ பிடித்துத் தைத்ததும் இதே கணக்குத்தான். அக்காள் உடுத்தது தங்கைக்கு வரும். அதன்பின் ஒட்டுப் போர்வைக்கும் அடுப்படித் துணிக்கும் போகும்.

துன்பம் வேறிடத்தில் இருந்தது. பையின்மீது ஆலையின் பெயரும் முத்திரையும் எடையும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த மையைப் போக்க மண்ணெண்ணெயிலும் பன்றிக் கொழுப்பிலும் ஊறவைத்து, காரச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கவைத்து, வெயிலில் வெளுக்கப் போட்டார்கள். அப்படியும் எழுத்து போகாத துணி உள்ளாடையாயிற்று. தைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். எழுத்தை அழிக்கத்தான் நாட்கணக்கில் உழைப்பு. தன் மகள் மாவு ஆலையின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போகலாகாது என்பதற்காகவே ஒரு தாய் அத்தனை பாடும் பட்டாள்.

ஆலைக்காரர்கள் இதைக் கவனித்தார்கள். 1924-இல் மிசௌரி மாநிலத்து ஆலைத் தொழிலாளி ஆசா பேல்ஸ் என்பவர், பொருள் தீர்ந்தபின் உடைத் துணியாகப் பயன்படும் பைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதைச் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலைக்கு உரிமையாக்கினார். மறு ஆண்டே ‘கிங்கம் கேர்ள்’ என்னும் பெயரில் கட்டம் போட்ட பையில் மாவு கடைக்கு வந்தது. 1929-க்குப் பின் வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில், பூவும் கொடியும் புள்ளியும் அச்சிட்ட பைகள் எங்கும் பரவின. நீரில் கரையும் மையும், உரித்தெடுக்கத்தக்க காகிதச் சீட்டும் வந்தன. தீவனம் வாங்கப் போகும் கணவனிடம், முன்பு வாங்கிய பூத்துணியில் ஒரு துண்டைக் கொடுத்து, ‘இதே பூ’ என்று சொல்லியனுப்பும் மனைவியரால் கடைக்காரர்கள் பாடு பெரும்பாடாயிற்றாம். கேட்ட பூ எப்போதும் அடுக்கின் அடியில்தானே இருக்கும்!

ஆலைகள் இதை அறச்செயலாகச் செய்யவில்லை. பெண்கள் தம் மாவையே வாங்க வேண்டும் என்ற வணிகக் கணக்கு அது. ஆயினும் தம் பெயர் தண்ணீரில் கரைந்து போகும்படி அவர்கள் அச்சிட்டார்கள். மாவு வணிகருக்குத் தோன்றியது மறையுரை ஆற்றும் நமக்குத் தோன்றவில்லை. யோப்பாவில் தபித்தா இறந்தபோது, அவர் செய்து கொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுததைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். அவற்றின்மீது கொடுத்தவர் பெயர் இருந்ததாகக் குறிப்பில்லை.

எழுத்து எங்கும் இழிவாகவே இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போரில் செர்மானியர் பிடியிலிருந்த பெல்சியத்துக்கு, 1914 முதல் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான நிவாரண ஆணையம் மாவு அனுப்பியது. அந்தப் பைகள் தையற்கூடங்களுக்கும் துறவியர் இல்லங்களுக்கும் போயின. பெண்கள் ஆலைப் பெயரை அழிக்கவில்லை. அதைச் சுற்றிப் பட்டு நூலால் பூவேலை செய்து, நன்றியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அயோவா மாநிலம் வெஸ்ட் பிராஞ்சிலுள்ள ஹூவர் அருங்காட்சியகத்தில் அத்தகைய பைகளை இன்றும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரை வைப்பதா அழிப்பதா என்று முடிவு செய்தவர்கள் பெற்றுக்கொண்டவர்கள். நம் பங்கில் அந்த முடிவைக் கொடுத்தவராகிய நாமே செய்துவிட்டோம்.

1942-இல், பை உடை அணிந்த பெண்களும் பிள்ளைகளும் அமெரிக்காவில் 30 இலட்சம் பேர் என மதிப்பிட்டார்கள். போர்க்காலத் துணித் தட்டுப்பாட்டில் வசதியுள்ளவர்களும் அதை உடுத்தினார்கள். பின்பு விலை குறைந்த காகிதப் பை வந்தது. 1950-களின் இறுதிக்குள் துணிப் பை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

தவக்காலத்தில் வீடு சந்திக்கச் சென்றபோது அச்சிறுமியின் இல்லத்துக்கும் போனோம். நீலக் கவுன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சில் பை இல்லை. அது இருந்த இடம் மட்டும், பலமுறை துவைத்து வெளுத்த துணியின் நடுவே, அடர்ந்த நீலச் சதுரமாகத் தெரிந்தது. நம் பார்வை போன இடத்தைத் தாய் கண்டுகொண்டார். “கேக்காம பிரிச்சுட்டேன் சாமி, மன்னிச்சுக்குங்க” என்றார்.