சிகரமும் சுமந்தவர்களும்

கோலப்பிலா வட்டாரத்தில் நாம் காணும் அங்சி மலையின் உயரம் சுமார் 825 மீட்டர். அதைப் போன்ற பத்து மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எவரெஸ்டின் உச்சியை எட்டாது. அதன் உயரம் 8,848 மீட்டருக்கும் சற்று அதிகம்.

1852இல் அந்த உயரத்தைக் கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தர் என்னும் வங்காளி. மலைக்குச் சூட்டப்பட்டதோ, முன்னாள் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர்.

உச்சியில் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே வாயுக் குப்பி, கூடாரம், உணவு எல்லாவற்றையும் படிப்படியாக மேலே சேர்க்க வேண்டும். சுமப்பவர் இல்லையேல் ஏறுபவரும் இல்லை. 1922இல் பிரிட்டிஷ் குழு ஏற முயன்றபோது பனிச்சரிவில் மாண்ட எழுவரும் சுமைதூக்கிகளே. அவர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் அறிவர்?

டென்சிங் நோர்கேயும் 1935இல் சுமைதூக்கியாகத்தான் அம்மலைக்குச் சென்றார். சுமந்துகொண்டே மலையைக் கற்றார். 1953 மே 29இல் எட்மண்ட் ஹிலாரியுடன் உச்சியில் நின்றார். சுமந்தவரின் பெயர் உலகெங்கும் ஒலித்தது.

1997 மே 23இல் எவரெஸ்டை எட்டிய முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். இருவரும் நம் சமூகத்தின் பிள்ளைகள். அவர்களுக்கும் ஷெர்ப்பாக்கள் துணை நின்றனர்.

காடழித்துத் தோட்டம் போட்ட நம் முன்னோரில் பலருடைய பெயர்களும் ஏட்டில் இல்லை. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, அவற்றை நாமே எழுதி வைப்போம்.