எலும்பிற் புகுந்த பகை

என் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு முழங்காலருகே வீக்கம் கண்டது. பந்தாட்டத்தில் பட்ட அடியென்று எண்ணி, எண்ணெய் தடவச் சொன்னவன் நான். இரு திங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது எலும்புப் புற்று நுரையீரலையும் எட்டியிருந்தது.

சிறுவர்க்கு அரிதாகவே வரும் இந்நோய்க்கு முன்னாளில் காலையே வெட்டி எடுத்தனர். எனினும் பத்துப் பேரில் எண்மர் வரை பின்னர் நுரையீரலில் நோய் கண்டு மாண்டனர். காரணம் என்ன? கத்தி வைக்குமுன்னரே நோயணுக்கள் குருதி வழியே அங்குச் சென்று தங்கிவிட்டன. குருதியிற் சென்ற பகையைக் குருதியிற் செல்லும் மருந்தன்றோ துரத்த வேண்டும்!

அத்தகைய மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்தில் 1940-களில் அது உருவாயிற்று. (நம் பாடநூல்கள் அவரை மறந்தது வியப்பே.) 1970-களில் அதனைப் பேரளவிற் செலுத்தி, பின்னர் ஃபோலினிக் அமிலம் தந்து நலமான அணுக்களைக் காக்கும் முறை வந்தது.

கிண்டியிலிருந்து அடையாறு செல்லும் சாலையில் இன்று விரிந்து நிற்கும் புற்றுநோய் நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. 1960-இல் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் கண்டது.

இந்நாளில் முதலில் மருந்து; பின்னர் அறுவை. இயன்றால் நுரையீரற் கட்டிகளையும் அகற்றுவர். பலருக்குக் காலும் தப்புகிறது. ஆயினும் நோய் பரவிய பின் வருவோருள் நெடுநாள் பிழைப்பவர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. என் மாணவன் அந்த ஒருவனாக இல்லை.