டியூஷன் இல்லாமல் ஆங்கிலம் வருமா? கதைப் புத்தகம் செய்யும் வேலை!

திண்டுக்கல் நாகல் நகரில் பல வீடுகளில் பேச்சு சௌராஷ்டிரம். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் தேவைப்படுவதில்லை. தெருவில் விளையாடியே கற்றுக்கொள்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. மார்க் வருது, பேச்சு வரல!

ஆங்கிலமும் அப்படி வருமா?

1980-ல் பிஜி தீவுகளில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 4, 5-ம் வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள் எல்லி, மங்குபாய். 8 மாதங்களில் அந்த மாணவர்களின் வாசிப்புத் திறன் வழக்கத்தைவிடச் சுமார் 2 மடங்கு வேகத்தில் வளர்ந்தது.

காரணம் என்ன?

அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலில் பக்கங்கள் நகரும். ஒரே சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட, அர்த்தம் தானாகப் பிடிபடும்.

எப்படித் தொடங்கலாம்?

* பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் பல கதைகள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இலவசம். செல்போனே போதும். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில் படிக்கலாம்.
* ஒரு பக்கத்தில் 5 சொற்களுக்கு மேல் புரியலையா? இன்னும் எளிய கதையை எடுங்கள்.
* படித்த கதையைப் பள்ளி இலக்கிய மன்றத்தில் நாடகமாகப் போடலாம். வாய் திறக்கும் கூச்சம் குறையும்.

பிள்ளை படிக்கும்போது பெற்றோர் ஒவ்வொரு தப்பையும் திருத்த வேண்டாம். கதை முடியட்டும்.