வடசேரியும் தென்சேரியும்



வைகாசி மாதம் அண்மித்துக்கொண்டிருக்கின்றது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலே, தான்தோன்றீச்சரர் கோயில்கொண்ட கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த ஊர்களிலே, கச்சான் காற்று எழுந்து நிலம் காய்கின்ற காலம் இது. ஆண்டின் பெரும்பகுதியும் கதவு சாத்தியிருக்கும் கண்ணகை அம்மன் கோயில்கள் திறக்கப்படுங் காலமும் இதுவே. முன்னாளிலே இக்காலம் வந்துற்றால் ஊரார் நாவில் ஒரே வினாத்தான் நின்றது. இம்முறை வெல்லப்போவது வடசேரியா, தென்சேரியா?

இளைய தலைமுறையினருக்கு இவ்வினா விளங்காமற் போகலாம். ஆதலின், வரப்போகும் பருவத்தை முன்னிட்டு, இவ்விரு கட்சியாரின் வரலாற்றைச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றேன்.

கொம்பு முறித்தல் என்பது அவ்விளையாட்டின் பெயர். ஊர் முழுவதும் இரண்டு சேரிகளாகப் பிரிந்து நிற்கும். வடசேரியார் கோவலன் கட்சி. தென்சேரியார் கண்ணகி கட்சி. இரு சாராரும் காட்டுக்குச் சென்று, வயிரமேறி வளைந்த மரக்கொம்பைத் தேடித் தெரிந்து கொணர்வர். இரண்டு கொம்புகளையும் ஒன்றிலொன்று கொளுவி, கயிறு பிணைத்து இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். போர்த்தேங்காய் அடித்தலும் இதனோடு சேர்ந்த போட்டியே. இங்கே வெற்றியை முடிவுசெய்வது தோள்வலிமை மட்டுமன்று; கொம்பைத் தெரிந்தெடுத்த கண்ணின் கூர்மையுமாகும்.

இதற்கு ஒரு கதை வழங்குகின்றது. கண்ணகியும் கோவலனும் பூக்கொய்யச் சென்றனர். கிளையை வளைக்க இருவரும் நீட்டிய கொக்கைத் தடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. இருவரும் இழுத்தனர். கோவலனது தடி முறிந்தது. கண்ணகி மகிழ்ந்து நகைத்தாள். துயரமே நிறைந்ததெனக் கருதப்படும் ஒரு வாழ்வில், கணவனும் மனைவியும் விளையாடிச் சிரித்த ஒரு நாளை நம் முன்னோர் தேடிக் கண்டு, அதனையே விழாவாக்கினர் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

இவ்விளையாட்டின் பழமைக்குச் சான்று உண்டா எனின், உண்டு. 1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையிலே சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, முழங்கைபோல் வளைந்த இரு மரங்களைக் கொளுவி இழுக்கும் விளையாட்டொன்றை விவரித்துள்ளார். வென்றவர் ஆடிப்பாடி நாணமற்ற சொற்களைக் கூறினர் என்றும் முகஞ்சுளித்து எழுதியுள்ளார். அது சிங்கள மக்களின் அங்கெலிய. அங்கும் கட்சிகள் இரண்டே. உடுபில பாலங்கனுக்கு உரியது. யட்டிபில பத்தினித் தெய்வத்துக்கு உரியது. பாலங்கன் கோவலனே, பத்தினி கண்ணகியே. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984 ஆம் ஆண்டு வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். இரு மொழியினரும் ஒரே தாயின் முன்னிலையில் ஒரே விளையாட்டை ஆடியிருக்கின்றனர் என்பது இந்நாட்டின் வரலாற்றைக் கற்போர் மறக்கலாகாத செய்தி.

பிற நாடுகளிலும் இணைபிரியாப் போட்டிக் கட்சிகள் உண்டு. அமெரிக்க நாட்டிலே பேஸ்போல் ஆட்டத்தில் பொஸ்ரன் அணிக்கும் நியூயோர்க் அணிக்கும் உள்ள பகைமை உலகறிந்தது. பேப் ரூத் என்னும் பேராட்டக்காரரைப் பொஸ்ரன் அணியினர் 1919 ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்குக்கு விற்றனர். அதன்பின் 2004 ஆம் ஆண்டுவரை பொஸ்ரனுக்கு வாகைப் பட்டம் கிட்டவேயில்லை. தொழில்முறை ஆட்டத்திலே ஆள் விலைப்படுவான், கட்சி மாறுவான். நம் சேரிகளிலே அது நிகழாது. சேரி பிறப்பினால் வருவது. ஒரு கூரையின் கீழேயே இரு சேரியாரும் வாழ்ந்ததுண்டு. வைகாசியில் எதிர்க்கட்சியாய் நின்றவரோடுதான் ஆனியில் ஒரே வயலில் இறங்க வேண்டும். ஆகவே, பகைமைக்கு ஓர் எல்லை இயல்பாகவே அமைந்திருந்தது.

அந்த எல்லைக்கு ஒரு பெயரும் உண்டு. அதுவே குளிர்த்தி. மதுரையை எரித்த சினம் தணியாத தாயை நீரினாலும் பாட்டினாலும் குளிர்விக்கும் அச்சடங்கோடுதான் வைகாசி விழா நிறைவுறும். வெம்மை, மழையின்மை, அம்மை நோய் ஆகிய மூன்றும் நீங்க வேண்டுமென்பதே அதன் வேண்டுதல். தாயின் சினம் தணியும்போது, வென்றவன் சொன்ன வசையும் தோற்றவன் கொண்ட புண்ணும் உடன் தணிதல் வேண்டும். ஏசுதற்கு ஒரு காலம். ஏச்சை மறத்தற்கு ஒரு காலம். இரண்டையும் ஒரே விழாவில் வைத்தமை நம் முன்னோரின் நுண்ணறிவு.

அவ்வாறாயின் இவ்விளையாட்டு ஏன் மங்கியது? சில இடங்களில் இழுப்பும் ஏச்சும் நின்றன. குளிர்ச்சி நில்லாமற் போயிற்று. விளையாட்டு அடிபிடியாக முற்றவே, ஊர்ப்பெரியோர் அஞ்சிக் கைவிட்டனர். பின்னர்ப் போர் வந்தது. 1987 ஆம் ஆண்டிலும் 1991 ஆம் ஆண்டிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதி கண்ட படுகொலைகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. உயிரைக் காத்தலே பெரும்பாடாய் இருந்த நாள்களிலே, காட்டிற் கொம்பு தேடச் செல்வார் யார்? 2009 ஆம் ஆண்டு போர் ஓய்ந்தது. 2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு, துறையிலே படகுக்குக் காத்துநின்ற படுவான்கரையார் எழுவான்கரைக்கு எளிதிற் சென்றுவரலாயினர். சில ஊர்களிலே கொம்பு முறித்தலையும் மீண்டும் எடுத்து ஆடியிருக்கின்றனர்.

இனி, வரும் பருவத்தில் வெல்வது எவர்? ஊரின் விருப்பம் தென்சேரியின் பக்கம். கண்ணகியின் கொம்பு வென்றால் மழை பெய்யும், நோய் நீங்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அவ்வாறாயின் வடசேரியார் மெலிந்த கொம்பொன்றைக் கொணர்ந்து தோற்றுவிடலாமே எனலாம். ஆகாது. எளிதில் முறியும் கொம்பை வென்ற வெற்றியில் தாய்க்கு என்ன பெருமை? தோற்றால் ஊருக்கு நன்மை என்றறிந்தும், காடெல்லாம் அலைந்து மிக வயிரமான கொம்பைக் கொணர்வதே வடசேரியாரின் கடமை. எதிரியின் முழு வலிமையும் இன்றி எவர் வெற்றியும் வெற்றியாகாது.

பாடசாலை அதிபன் என்ற முறையில் ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிகளைக் காண்கின்றேன். தோற்ற இல்லத்துப் பிள்ளைகள் அடுத்த நாள் வகுப்பறையில் எவ்வாறு அமர்கின்றனர் என்பதையே நான் உற்று நோக்குவேன். போட்டியின் பயன் அங்கேதான் தெரியும்.

ஆதலின், கொம்பு முறித்தலை மீட்க முனையும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. கயிற்றையும் கொம்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்த்தியையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கொம்பைக் கொளுவ முடியாது. வடசேரி இல்லையேல் தென்சேரியும் இல்லை.