பிழையை மறைக்காத இரும்பு

கோல்ப் ஆட்டக்காரன் தன் பையிலே பதினான்கு கோல்களுக்கு மேல் கொண்டு செல்லல் ஆகாது. இவ் வரம்பை 1938இல் அமெரிக்கக் கோல்ப் சங்கம் வகுத்தது. மறு ஆண்டில் ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்றூஸ் கழகமும் அதனை ஏற்றுக்கொண்டது. இக் கோல்களுள் சில நெடுந்தொலைவு அடிப்பதற்கு உரியவை. மரக்கோல் என்பது அவற்றின் பழம்பெயர். இன்று அவற்றின் தலையும் உலோகமே. ஒன்று, பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கு உரியது. எஞ்சியவை பெரும்பாலும் இரும்புக் கோல்கள். பந்தைக் குறித்த தொலைவுக்கு, குறித்த திசையில், குறித்த உயரத்தில் அனுப்பும் நுண்மையான வேலை இவ் விரும்புகளுக்கே உரியது. ஆட்டக்காரனின் கைத்திறம் எத்தகையது என்று அறிய விரும்புவோர் அவன் இரும்புக் கோலை எடுக்கும் வேளையையே பார்த்திருப்பர்.

அவ் விரும்புக் கோலின் முகம் உள்ளங்கை அளவினது. பந்து அதனைத் தொட்டு நிற்கும் நேரமோ ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பந்து முகத்தின் நல்லிடத்தில், அதாவது தலையின் கனம் சமன்பட்டு நிற்கும் புள்ளிக்கு நேரே பட்டால், அடித்தோம் என்ற உணர்வே தோன்றாதபடி கோல் மென்மையாகச் செல்லும். அவ்விடத்தினின்றும் விரலகலம் விலகினாலோ தலை முறுக்கிக்கொள்ளும். பந்து தொலைவும் திசையும் இழக்கும். அதிர்வு தண்டின் வழியே ஏறிக் கையைத் தாக்கும். குளிர்நாட்டிலே பனிக்காலக் காலைப்பொழுதில் இவ்வாறு தவறி அடித்தவன் விரல்களை உதறிக்கொண்டு நிற்பது வழக்கமான காட்சி.

இவ் விரும்பின் வரலாறு ஸ்கொட்லாந்தின் கொல்லுலைகளிலே தொடங்குகின்றது. தொடக்க காலத்தில் ஆட்டக்காரர் இரும்பை அருமையாகவே எடுத்தனர். அன்றைய பந்து, தோலுறையினுள் அவித்த இறகுகளைத் திணித்துத் தைத்த பந்து. கைதேர்ந்த தொழிலாளி ஒருவன் நாள் முழுதும் முயன்றாலும் ஒரு சில பந்துகளையே முடிக்க இயலும். ஆகவே விலை மிகுதி. இரும்பின் விளிம்பு பட்டால் தோல் கிழிந்துவிடும். வண்டித் தடத்தினுள்ளோ கல்லிடுக்கிலோ பந்து அகப்பட்டுக்கொண்டாலன்றி இரும்பை எடுப்பார் இல்லை. 1848 அளவில் மலாயாக் காடுகளின் கட்டாபெர்ச்சாப் பிசினால் உருட்டிய பந்து வந்தது. அது மலிவானது, இரும்புக்கு அஞ்சாதது. இறகுப் பந்து செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த சென்ற் அன்றூஸ் வாசி அலன் றொபெட்சன் இப் புதுப் பந்தை முதலில் வெறுத்தார். பின்னர் அதனையே ஏற்று, இரும்பினால் பந்தை ஓடவிட்டுக் குழியருகே சேர்க்கும் ஆட்டத்திலும் பேர்பெற்றார். அவருக்குப் பின் வந்த இளைய டொம் மொரிஸ் 1868 முதல் 1872 வரை நான்கு முறை திறந்த சுற்றில் வாகை சூடியவர். இரும்பு கொண்டு ஆடும் கலையை அவர் வெகுதூரம் வளர்த்துவிட்டு, 1875இல் இருபத்து நான்கு வயதிலேயே மறைந்தார்.

இவ்வாறு இரும்புக்குத் தேவை பெருகவே, லாடமும் கலப்பைக் கொழுவும் அடித்த கொல்லர் பலர் கோல்தலை அடிப்போராயினர். அவர்தம் பட்டறையில் காய்ச்சி அடித்து வடித்த தலை மெல்லிய தகடு போன்றது. அதனால் அதற்குத் தகடு என்று பொருள்படும் 'பிளேட்' என்ற பெயரே நிலைத்தது. கொழும்பிலே 1879இல் கோல்ப் கழகம் தோன்றிய காலமும் இக் கொல்லர்களின் காலமே. பின்னர் ஆவிச் சம்மட்டியும் அச்சும் வந்து கையுழைப்பைக் குறைத்தன. தண்டும் மரத்தினின்று எஃகுக்கு மாறிற்று. ஆயினும் தலையின் இயல்பு பெரிதும் மாறவில்லை. கனமெல்லாம் நடுவே திரண்டு, நல்லிடம் சிறிதாய், பிழைக்கு இடங்கொடாததாய் அது விளங்கியது. அக் காலத்தில் அதனைக் கடினமான கோல் என்று எவரும் சொல்லவில்லை. வேறு கோல் இல்லையாதலால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

அந்தக் கோலையே ஆசானாகக் கொண்டு வாழ்ந்தவர் என்று ஒருவரைச் சுட்டுவதாயின், டெக்சாஸ் மாநிலத்துப் பென் ஹோகனைச் சுட்டலாம். 1912இல் பிறந்த அவர் ஒரு கொல்லனின் மகன் என்பது கருதத்தக்கது. மோட்டார் வண்டிகள் பெருகி, குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழில் நலிந்து வந்த காலம் அது. 1922இல் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பொழுது மகனுக்கு வயது ஒன்பது. குடும்பத்தின் வறுமை அச் சிறுவனை முதலிலே புகைவண்டி நிலையத்தில் செய்தித்தாள் விற்க அனுப்பியது; பின்னர்க் கிளென் கார்டன் கழகத்தில் செல்வர்களின் கோற்பையைச் சுமக்க அனுப்பியது. அதே கழகத்தில் அதே பை சுமந்த இன்னொரு சிறுவன் பைரன் நெல்சன். இருவரும் பிற்காலத்தில் உலகறிந்த ஆட்டக்காரராயினர்; ஆனால் நெல்சனுக்கு முன்னரே வந்த வெற்றி ஹோகனுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

காரணம் யாதெனின், அவர் அடித்த பந்து இடப்புறமாக வளைந்து கீழே பாய்ந்து ஓடும். எந்த வேளையில் அவ்வாறு ஓடும் என்பது அவருக்கே தெரியாது. பதினேழாம் வயதிலே, 1930இல், ஆட்டத்தைத் தொழிலாக ஏற்றவர், தனியொருவராக முதல் வெற்றி பெற்றது 1940இல் பைன்ஹேர்ஸ்ட் களத்திலேயே. இடைப்பட்ட பத்தாண்டில் கையில் காசின்றி ஊர் திரும்பியதும் உண்டு. ஒக்லண்ட் நகரில் 1938இல் அவருடைய வண்டியின் சக்கரங்களைக் கள்வர் கழற்றிச் சென்ற கதையை அமெரிக்கக் கோல்ப் உலகம் மறப்பதில்லை.

அப் பத்தாண்டில் அவர் செய்தது ஒன்றே: பயிற்சி. இன்று அஃது ஒரு புதுமையாகத் தோன்றாது. ஆனால் அந் நாளில் ஆட்டம் முடிந்தபின் ஆட்டக்காரர் கோலை வைத்துவிட்டு ஓய்வெடுப்பதே மரபு. ஹோகனோ மைதானத்தின் ஓரத்துக்குச் சென்று பந்துகளைக் கொட்டி, மாலை மங்கும்வரை அடிப்பார். பந்து பொறுக்கும் பையன் தொலைவிலே பையுடன் நிற்பான். அவன் நிற்குமிடமே குறி. அவன் எத்தனை அடி நகர நேர்ந்தது என்பதே அன்றைய கணக்கு. வெற்றி பெற்ற நாளிலும் இக் கணக்குத் தவறாது.

இங்கே இரும்பின் பங்கு யாது என்று நுணுகிப் பார்த்தல் வேண்டும். 1968இல் பிரித்தானிய அறிவியலாளர் குழுவொன்று தன் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டது. அலஸ்டெயர் கொக்ரனும் ஜோன் ஸ்டொப்சும் எழுதிய அந்நூல் விளக்கிய உண்மைகளுள் ஒன்று இது: பந்து பட்ட அதிர்வு தண்டேறிக் கையை அடையுமுன் பந்து கோலை விட்டு அகன்றுவிடும். ஆகவே கை உணர்வது முடிந்துபோன அடியைத்தான். அவ் வடியைத் திருத்த எவராலும் இயலாது. உணர்ந்த செய்தி அடுத்த அடிக்கே பயன்படும். அடுத்த அடிக்குப் பயன்பட வேண்டுமாயின் செய்தி தெளிவாக இருத்தல் வேண்டும். தகட்டு இரும்பு தருவது அத் தெளிவையே. அது பிழையைச் சொல்லும்; பிழையின் காரணத்தைச் சொல்லாது. காரணத்தைத் தேடும் உழைப்பு ஆட்டக்காரனுடையது. ஹோகன் பல்லாண்டு தேடினார். மூத்த ஆட்டக்காரரான ஹென்றி பிக்கார்ட் சொற்கேட்டுப் பிடியை மாற்றினார். பின்னர் இடக் கை மணிக்கட்டின் வளைவை மாற்றினார். அம் மணிக்கட்டின் இரகசியத்தை 1955இல் 'லைவ்' சஞ்சிகையில்தான் வெளியிட்டார். செய்தி மட்டும் கிடைத்து, காரணம் தேடும் பொறுமை இல்லாதவனுக்கு இவ் விரும்பு கைவலியைத் தவிர வேறொன்றும் தராது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

அவருடைய கலை முழுமை பெற்ற வேளையில் ஊழ் குறுக்கிட்டது. 1949 பெப்ரவரி 2ஆம் நாள், டெக்சாஸின் வான் ஹோர்ன் அருகே, மூடுபனியில் எதிரே வந்த பஸ் வண்டி அவருடைய மோட்டார் வண்டியில் மோதியது. மனைவி வலரியைக் காக்கும் பொருட்டு அவர்மேல் பாய்ந்து மறைத்தார் ஹோகன். அதனாலேயே தாமும் பிழைத்தார். ஓட்டுநர் இருக்கையினுள் சுழலி அச்சு ஊடுருவியிருந்தது. இடுப்பெலும்பும் காறையெலும்பும் கணுக்காலும் முறிந்தன. இரத்தக் கட்டிகளுக்காக அறுவை மருத்துவமும் நிகழ்ந்தது. நடப்பாரோ என்பதே ஐயமாயிருந்தது.

பதினாறு திங்கள் கழிந்து, 1950 யூனில், பென்சில்வேனியா மாநிலத்து மெரியன் களத்திலே அமெரிக்கத் திறந்த சுற்று நடைபெற்றது. இறுதி நாளில் முப்பத்தாறு குழிகள். கால்களைத் துணியால் இறுகச் சுற்றிக்கொண்டு ஹோகன் நடந்தார். கடைசிக் குழியை நான்கு அடிகளில் முடித்தாலன்றி முன்னணியினருடன் சமநிலை கிட்டாது என்ற நிலையில், இருநூறு யாருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து அவர் எடுத்தது முதலாம் இலக்க இரும்பு. இரும்புகளுள் சாய்வு மிகக் குறைந்ததும் பிழைக்குச் சற்றும் இடங்கொடாததும் அதுவே. தளர்ந்த கால்களையுடைய ஒருவர் அதனை எடுத்தது துணிச்சல் என்பர் சிலர். பயிற்சித் திடலிலே ஆண்டுக்கணக்காக அவ் விரும்பு சொன்னதைக் கேட்டு வந்தவருக்கு அது துணிச்சல் அன்று, வழக்கம். பந்து பசுந்தரையின் மேல் நின்றது. ஹை பெஸ்கின் என்ற படப்பிடிப்பாளர் பின்னிருந்து எடுத்த அப் படம் கோல்ப் உலகின் மிகப் புகழ்பெற்ற நிழற்படமாயிற்று. மறுநாள் லொயிட் மங்ரம், ஜோர்ஜ் பாசியோ இருவருடனும் நடந்த சமன்முறி ஆட்டத்தில் 69 அடிகளில் முடித்து ஹோகன் வென்றார்.

அந்த முதலாம் இலக்க இரும்பு அச் சுற்றின்போதே களவு போய், 1983இல் மீண்டும் அகப்பட்டு, அமெரிக்கக் கோல்ப் சங்கத்தின் காட்சிச்சாலையை அடைந்தது. அதன் முகத்தில், நல்லிடத்துக்கு நேரே, சிறு நாணயமளவு ஒரு தேய்வு மட்டும் காணப்பட்டதாகக் கூறுவர்.

1953இல் ஹோகன் ஆடிய முப்பெருஞ் சுற்றுகளிலும் வென்றார். அவற்றுள் ஒன்று ஸ்கொட்லாந்தின் கானூஸ்ரியில் நடந்தது. பிரித்தானியத் திறந்த சுற்றில் அவர் தம் வாழ்நாளில் கலந்துகொண்டது அந்த ஒரு முறைதான். அவ் வாண்டிலேயே போட் வேர்த் நகரில் கோல் செய்யும் கொம்பனியொன்றையும் தொடங்கினார். முதலில் உருவான கோல்கள் தம் அளவுக்கு நிகராகவில்லை என்று கண்டு, பெருந்தொகை நட்டத்தையும் பாராது அத் தொகுதி முழுவதையும் விற்பனைக்கு விட மறுத்துவிட்டார். கொல்லன் மகன் கொல்லன் வேலையைப் பழுதறியச் செய்ய முனைந்தான் என்று இதனைக் கொள்ளலாம்.

அதே காலத்தில், ஹோகனுக்கு ஓராண்டு மூத்தவரான இன்னொருவர் எதிர்த்திசையிலே சிந்திக்கலானார். நோர்வேயில் பிறந்து, சியற்றில் நகரில் சப்பாத்துத் தைத்துப் பிழைத்து, பின்னர் ஜெனரல் எலெக்றிக் கொம்பனியில் பொறியியலாளரான கார்ஸ்டன் சொல்ஹெய்ம், நாற்பது வயதுக்கு மேலேதான் கோல்ப் ஆடத் தொடங்கினார். பந்து குழியில் விழாதபோது அவர் தம் கையை நோகவில்லை, கோலை நொந்தார். கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியை ஏந்துவது எதற்காக? கனம் இருபுறமும் விலகி நிற்பின் எளிதில் சுழலாது என்பதற்காகவே. அவ்வாறே கோல்தலையின் நடுவைக் குடைந்து, கனத்தை விளிம்புகளுக்குத் தள்ளினால், பந்து சற்று விலகிப் பட்டாலும் தலை முறுக்காது என்று அவர் கண்டார். இத்தகைய தலையைச் சம்மட்டியால் அடித்து வடிப்பதிலும் வார்ப்பது எளிது. மெழுகில் உருவஞ் செய்து, மேலே மண்பூச்சுப் பூசி, மெழுகை உருக்கி நீக்கி உலோகம் ஊற்றும் அம் முறையின் அடிப்படை, சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வார்த்த கைவினையாளர் நன்கறிந்ததே. 1959இல் உருட்டுகோலொன்றில் தொடங்கிய சொல்ஹெய்மின் 'பிங்' கொம்பனி, 1969இல் விளிம்பில் கனங்கொண்ட இரும்புகளை விற்பனைக்கு விட்டது. 1982இல் வந்த 'ஐ 2' உலகெங்கும் பரவியது. காலம் செல்ல, ஹோகன் பெயர் தாங்கிய கொம்பனியே நடுக்குடைந்த இரும்பு செய்ய நேர்ந்தது.

சொல்ஹெய்ம் செய்தது பெரும் நன்மை. வார இறுதியில் மட்டும் ஆடும் ஆசிரியருக்கும் வணிகருக்கும் முதியவருக்கும் ஆட்டம் இன்பமாயிற்று. அவர்களைத் தகட்டு இரும்பினால் வருத்துவதில் புண்ணியம் ஏதும் இல்லை. ஆயினும் மறைந்துபோனது ஒன்று உண்டு. விலகிப் பட்ட பந்தும் ஏறக்குறைய உரிய தொலைவைச் சென்றடையும்போது, கைக்கு வரும் செய்தி மங்கிவிடுகின்றது. ஆண்டுகள் பல ஆடியும் தாம் முகத்தின் எப் பகுதியால் அடிக்கின்றோம் என்றறியாத ஆட்டக்காரர் மிகுந்தனர்.

இதனாலேயே தகட்டு இரும்பு களத்தினின்று பெரிதும் நீங்கிய பின்னரும் பயிற்சித் திடலை விட்டு நீங்கவில்லை. உயர்ந்த ஆட்டக்காரருள் அதனை விடாது கொண்டோரும் உண்டு; 2000ஆம் ஆண்டு பெபிள் பீச் களத்தில் பதினைந்து அடி வித்தியாசத்தில் அமெரிக்கத் திறந்த சுற்றை வென்ற டைகர் வூட்ஸ் ஏந்தியது தகட்டு இரும்பே. ஏனையோர் இரண்டையும் கலந்து, நீண்ட கோல்களை நடுக்குடைந்தனவாகவும் குறுங்கோல்களைத் தகடாகவும் வைத்திருப்பர். சாதாரண ஆட்டக்காரர் சிலர், பழைய தகட்டு இரும்புத் தொகுதியிலிருந்து ஆறாம் அல்லது ஏழாம் இலக்கக் கோல் ஒன்றை மட்டும் மலிவாய் வாங்கிப் பயிற்சிக்கென வைத்துக்கொள்கின்றனர். அதனால் அடிப்பது முப்பது நாற்பது பந்துகளே. அதுவும் பாதி வேகத்தில். முகத்திலே மெல்லிய பொடியைத் தூவிக்கொண்டால் பந்து பட்ட இடம் கண்ணுக்கும் தெரியும். கை சொன்னதும் கண் கண்டதும் ஒத்துள்ளனவா என்று பார்க்கலாம். நாளடைவில் பொடி வேண்டியதில்லை. பின்னர்ப் போட்டி நாளில் அவர்கள் எடுத்துச் செல்வது சொல்ஹெய்ம் வழிவந்த இரும்பையே.